தர்மசங்கடமும் மாணவர் சொற்போரும்

கல்லூரிகளிலுள்ள சொற்போர்க் கழகங்களின் ஆண்டு நிரல்களை எடுத்துப் புரட்டுவோமாயின், கல்வி சிறந்ததா செல்வம் சிறந்ததா, நகர வாழ்வு இனிதா நாட்டுப்புற வாழ்வு இனிதா, விஞ்ஞானம் ஆக்கத்துக்கா அழிவுக்கா என்னும் பிரேரணைகளே வேடம் மாறி மாறி வருவதைக் காண்கிறோம். இவற்றின்மீது நமக்குப் பகையொன்றுமில்லை. முதன்முறை மேடையேறி, முழங்கால் நடுங்க நிற்கும் மாணவனுக்கு இவை நல்ல துணை. எனினும் இவற்றுக்குப் பொதுவான குறையொன்றுண்டு. இறுதியில் எழும் அக்கிராசனர், "இரண்டும் வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லி அவையைக் கலைத்துவிடலாம். கேட்டவர்களும் எதையும் இழக்காமல் உணவுக் கூடத்துக்குச் சென்றுவிடலாம். இரண்டும் வேண்டும் என்று சொல்ல இடங்கொடாத பொருளொன்றை மேடைக்குக் கொண்டுவந்தால் என்ன நேரும் என்பதைப் பற்றியே ஈண்டுச் சிறிது எழுதக் கருதுகிறோம்.

அத்தகைய பொருளுக்கு நம் மொழியில் வெகுகாலமாக வழங்கிவரும் பெயர் தர்மசங்கடம் என்பது. இருதலைக் கொள்ளியின் உள்ளே அகப்பட்ட எறும்பென்பதும் அதையே குறிக்கும். ஆனால் அன்றாடப் பேச்சில் இச்சொல் பெரிதும் தேய்ந்துபோய்விட்டது. கடன் கேட்டு வந்தவனுக்கு இல்லையென்று சொல்ல நாணுவதையும் தர்மசங்கடம் என்கிறோம். விருந்து வீட்டில் பிடிக்காத கறியை இலையில் இட்டுவிட்டாலும் தர்மசங்கடம் என்கிறோம். உண்மையில் தர்மமும் ஆசையும் மோதுமிடத்தில் சங்கடம் உண்டே தவிரத் தர்மசங்கடம் இல்லை. அங்கே செய்யத்தக்கது யாதென்பது தெளிவு, செய்வதுதான் அரிது. தர்மமும் தர்மமும் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று வழிமறித்து நிற்குமிடமே நாம் தேடும் இடம். அங்கே எப்பக்கம் அடியெடுத்து வைத்தாலும் செலுத்தவேண்டிய கடன் ஒன்று செலுத்தப்படாமலே நின்றுவிடும். டபிள்யூ. டி. ராஸ் என்னும் ஸ்காட்லாந்துத் தத்துவ ஆசிரியர் 1930இல் வெளியிட்ட நூலில், வாக்குக் காத்தல், நன்றி பாராட்டல், தீங்கு செய்யாமை முதலியவை ஒவ்வொன்றும் தன்னளவில் நம்மைக் கட்டுப்படுத்துவன என்றும், அவை மோதும்போது எது மேம்படும் என்பதை முன்கூட்டியே சூத்திரமிட்டு உரைக்க இயலாதென்றும் காட்டினார். தோற்ற கடமை தோற்றதனாலேயே பொய்யாகிவிடுவதில்லை என்பது அவர் கொள்கையின் சாரம். சொற்போருக்கு வருவோர் இவ்வொன்றை மனத்திற் கொண்டால் போதும். எதிர்க்கட்சியினரை மூடர் என்றும் கொடியர் என்றும் வருணிக்கும் வழக்கம் பாதியளவு குறையும்.

இதற்கு நாம் கிரேக்க நாட்டுக்கோ இங்கிலாந்துக்கோ ஓடவேண்டியதில்லை. திருவாரூரில் கன்றின்மேல் தேரேற்றிய மகனைத் தேரேற்றிக் கொன்ற மனுச் சோழன் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. மகனா நீதியா என்று அரசனுக்கு நேர்ந்த இக்கட்டையே எல்லாரும் எடுத்துப் பேசுகிறார்கள். ஆனால் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறும் அக்கதையில் வேறொருவன் இருக்கிறான். அவனை மேடைகளில் யாரும் அழைப்பதில்லை. அரசன் தன் அமைச்சரில் ஒருவனை அழைத்து, மகன்மேல் தேரைச் செலுத்துமாறு பணிக்கிறான். அவனோ அப்பணியைச் செய்யாமல் தன் உயிரையே விட்டுவிடுகிறான். அரசாணையை மீறுவதும் தவறு. அறியாமல் நேர்ந்த பிழைக்காக ஓர் இளைஞனைக் கொல்வதும் தவறு. ஆகவே இரண்டும் செய்யாமல் மூன்றாவதொன்றைச் செய்தான். அது வழியாகுமா, அன்றி வழியிலிருந்து விலகியதாகுமா? அவன் இறந்ததனால் அரசகுமாரன் பிழைத்தானில்லை. அரசனே தேரைச் செலுத்தினான். நம் கருத்தில், அரசனைப் பற்றிய சொற்போரைக் காட்டிலும் இவ்வமைச்சனைப் பற்றிய சொற்போரே மாணவர்க்கு மிகப் பயன்படும். ஏனெனில் நம்மிற் பெரும்பாலோர் அரசராகப் போவதில்லை. பிறர் இடும் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் உத்தியோகங்களுக்கே போகப் போகிறோம்.

கற்றோர் எதிரெதிர் நின்று வாதிடும் பட்டிமண்டபத்தைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் குறிக்கின்றன. காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தால் அம்மரபு புத்துயிர் பெற்றது. கும்பகருணன் செய்தது சரியா வீடணன் செய்தது சரியா என்பது தமிழ்நாட்டு மேடைகளில் எத்தனை முறை பேசினாலும் சலிக்காத பொருள். அதற்குக் காரணம் பேச்சாளரின் நாவன்மை மட்டுமன்று. செஞ்சோற்றுக் கடனும் நியாயமும் உண்மையாகவே மோதுகின்றன. இருவரும் இராவணன் செய்தது தவறென்பதை ஒப்புக்கொண்டவர்கள். உண்மையில் ஒப்புமை, கடமையில் வேற்றுமை என்று அப்பொருள் அமைந்திருக்கிறது. நல்ல பிரேரணைக்கு அதனினும் தக்க இலக்கணம் நாம் கண்டதில்லை.

மேனாட்டில் தற்காலத்துக் கல்லூரிகளில் மிகப் பெயர்பெற்றது, கட்டுக்கடங்காமல் ஓடிவரும் டிராம் வண்டியின் கதை. பிலிப்பா ஃபுட் என்னும் அம்மையார் 1967இல் எழுதிய கட்டுரையொன்றில் தோன்றியது அது. தண்டவாளத்தில் ஐவர் நிற்கிறார்கள், வண்டியைத் திருப்பினால் ஐவரும் பிழைப்பர், மற்றொரு தடத்தில் நிற்கும் ஒருவன் இறப்பான், திருப்பலாமா? கூர்மையான கேள்வியே, எண்ணத்தைத் தீட்டிக்கொள்ளச் சாணைக்கல்லாக உதவுவது. ஆயினும் அந்த அறுவருக்கும் பெயரில்லை, ஊரில்லை, உறவில்லை. வண்டியைத் திருப்பியவன் மறுநாள் அதே தெருவில் நடக்கவேண்டுமா என்பதும் கேட்கப்படவில்லை. இதைவிட, 1884இல் மிக்னோனெட் என்னும் மரக்கலம் கவிழ்ந்தபின் சிறுபடகில் பசியால் வாடியவர்கள், ரிச்சர்டு பார்க்கர் என்னும் பதினேழு வயதுப் பையனைக் கொன்று தின்று உயிர்பிழைத்த மெய் வழக்கு எத்துணையோ மேல். ஆங்கில நீதிமன்றம் டட்லி, ஸ்டீவன்ஸ் என்னும் இருவருக்கும் மரண தண்டனை விதித்தது; பின் அது ஆறுமாதச் சிறைவாசமாகக் குறைக்கப்பட்டது. குற்றமே என்று சட்டம் சொல்லிற்று, ஆயினும் தூக்கிலிட மனம் வரவில்லை; அந்த இடைவெளியில்தான் நம் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டிலும் மெய் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் தீரா நோயால் துடித்த கன்றொன்றை, காந்தியடிகள் மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு உயிர் நீக்கச் செய்தார். அகிம்சையையே சமயமாகக் கொண்ட ஒருவர் இங்ஙனம் செய்ததனால் நாடெங்குமிருந்து சினக் கடிதங்கள் குவிந்தன. அவர் ஒளிக்கவுமில்லை, வருந்துவதாக நடிக்கவுமில்லை. தாம் செய்ததற்குக் காரணங்களைத் தம் பத்திரிகையிலேயே எழுதிப் பொதுமக்கள்முன் வைத்தார். சொற்போர் என்பதன் உயர்ந்த வடிவம் இதுவென்று நாம் கொள்கிறோம்.

இனி நம் அண்டையிலுள்ள மலைக்கு வருவோம். ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை. அதன் திருப்பத்தூர்ப் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மூன்று நாடுகள் உள்ளன. நாடு என்னும் சொல் இங்கே தேசத்தைக் குறிப்பதன்று. பல சிற்றூர்கள் சேர்ந்த மலைப் பிரிவையே குறிக்கும். வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். சேரநாட்டு மலையாளத்துக்கும் இவர்க்கும் தொடர்பில்லை; இவர்கள் பேசுவது தமிழ்; தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர் என்பது இவர்தம் மரபுக் கதை. சாமையும் கேழ்வரகும் மழையை நம்பி விளையும். புளி, தேன், கடுக்காய் காடு தரும். 2019ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது இந்நாடுகளும் அதனுட்பட்டன. நெல்லிவாசல்நாட்டைப் போன்ற இடத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு தர்மசங்கடங்களை எண்ணிப் பார்க்கும்போது, டிராம் வண்டிக் கதையில் இல்லாத ஊரும் உறவும் மறுநாளும் தாமே வந்து சேர்ந்துவிடுகின்றன. மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது, பார்க்கக் கடினமாயும் உள்ளே எளிதாயும் இருப்பது. ஆதலின் சுருங்கக் கூறுவோம். இதே மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வானாராய்ச்சி நிலையம் ஒன்றுண்டு. வேணு பாப்பு என்னும் வானநூலறிஞர் தேர்ந்த இவ்விடத்தில் 1968இல் சிறு தொலைநோக்கியோடு வேலை தொடங்கிற்று. 1972இல் ஒரு மீட்டர்க் கண்ணாடியுடைய கருவியும், 1986இல் 2.34 மீட்டர்க் கண்ணாடியுடைய பெருங்கருவியும் வந்தன. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலிருப்பதால் வடவானமும் தென்வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். 1988இல் இங்குக் கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயரை இட்டிருக்கிறார்கள். இத்தகைய நிலையத்துக்கு இருளே மூலதனம். மலையூர்க்காரனுக்கோ தெருவிளக்கே நெடுநாள் வேண்டுகோள். பாம்பும் பள்ளமும் உள்ள பாதையில் இரவில் நடப்பவன் அவன்தான். விண்மீனுக்காக மண்ணில் நடப்பவன் இருளில் இடறவேண்டுமா என்று கேட்டால் அவை கைதட்டும். ஆனால் இது மெய்யான தர்மசங்கடமா? ஒளி மேனோக்கிச் சிதறாமல் தரையில் மட்டும் விழுமாறு மூடியிட்ட விளக்குகளை அமைத்தால் இரண்டு வேண்டுகோளும் பெரும்பாலும் நிறைவேறுமே. லடாக்கிலுள்ள ஹான்லேயில், மற்றொரு பெரிய தொலைநோக்கியைச் சுற்றியுள்ள நிலப்பரப்பை 2022இல் இருள்வானக் காப்பிடமாக அறிவித்து, விளக்குகளை ஒழுங்குபடுத்தி, ஊரார்க்கே வானத்தைக் காட்டும் பயிற்சியளித்துப் பிழைப்புக்கும் வழி செய்திருக்கிறார்கள். ஆகவே இருவழியே உண்டென்று தோன்றுவது எல்லாம் இருவழியாய் இருப்பதில்லை. மூன்றாம் வழியைத் தேடிக் கண்டவனுக்கே இவ்வகைப் பிரேரணையில் வெற்றி. தேடாமல் இரண்டிலொன்றைப் பற்றி முழங்கியவன் எவ்வளவு அழகாய் முழங்கினாலும் தோற்றவனே.

இரண்டாவது அங்ஙனம் கரையக்கூடியதன்று. செம்மரம் ஆந்திர நாட்டுத் தென்பகுதி மலைகளுக்கே உரியது. அயல்நாடுகளில் மரச்சாமான்களுக்கும் இசைக்கருவிகளுக்கும் அதைப் பெருவிலை கொடுத்து வாங்குவதால் கள்ளக் கடத்தல் பெருகிற்று. கோடரி பிடிக்கத் தெரிந்த கூலியாட்களைத் தரகர்கள் தேடியது ஜவ்வாது மலை போன்ற இடங்களில். விளைச்சல் பொய்த்த ஆண்டில் முன்பணத்தோடு வரும் தரகனை மறுப்பது எளிதன்று. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள், ஜவ்வாது மலைக்காரரும் அவர்களுள் இருந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறிற்று; மனித உரிமை அமைப்புகள் அதை மறுத்தன.

இந்நிகழ்ச்சியை வைத்துக் கழகச் செயலாளர் பிரேரணை எழுத உட்கார்ந்தால் முதலில் அவர் கையில் வருவது, மரம் வெட்டப் போனவர் குற்றவாளிகளே என்பதாகவோ, வறுமையே குற்றவாளி என்பதாகவோ இருக்கும். இரண்டும் பயனற்றவை. முதலாவது கருணையில்லாதது, இரண்டாவது கருணை மட்டுமே உள்ளது. இருபது பேரைச் சுட்டது நியாயமா என்பதும் பிரேரணையாகாது. அது சாட்சியங்களைக் கொண்டு நீதிமன்றம் ஆராயவேண்டிய செய்தி. மேடையில் கைதட்டலால் தீர்மானிக்கத் தக்கதன்று. மெய்யான சங்கடம் ஊருக்குள்ளே இருக்கிறது. இங்ஙனம் வைத்துக்கொள்வோம்: மலையூரொன்றில் பள்ளிப் படிப்பு முடித்த இளைஞன் ஒருவன். ஆட்களைத் திரட்டும் தரகன் யாரென்பது அவனுக்குத் தெரியும். அத்தரகன் வேற்றாளல்லன்; தாய்மாமன் முறையாகிறவன்; தங்கை நோயுற்றபோது நள்ளிரவில் வண்டி வைத்துக் கீழே அழைத்துப் போனவன். இளைஞன் காவல் நிலையத்தில் சொன்னால் அடுத்த வாரம் புறப்படவிருக்கும் பதினைந்து பேர் உயிராபத்தினின்று தப்பலாம். ஆனால் முன்பே போய்வந்த ஊரார்மீது வழக்குகள் பாயும். அவர்களுள் அவன் தமையனும் ஒருவன். சொல்லாமலிருந்தால் போகிறவர்களில் எவனோ திரும்பாமற் போகலாம்.

இங்கே சட்டத்துக்குக் கீழ்ப்படிதலும் உறவைக் காத்தலும் மோதுகின்றன என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். கூர்ந்து நோக்கினால் சங்கடம் அதனினும் ஆழ்ந்தது. அவன் காக்க விரும்பும் பதினைந்து பேரும் உறவினரே. காட்டிக்கொடுக்க அஞ்சும் தமையனும் உறவினனே. ஆகவே உறவென்னும் ஒரே தர்மம் இரண்டாகப் பிளந்து தன்னோடு தானே போரிடுகிறது. பாரிஸ் நகரத்தில் 1945இல் சார்த்தர் ஆற்றிய சொற்பொழிவொன்றில், போரில் தமையனை இழந்த மாணவன் ஒருவனைப் பற்றிக் கூறினார். நாட்டு விடுதலைப் படையில் சேர இங்கிலாந்துக்குப் போவதா, தன்னையே நம்பித் தனித்திருக்கும் தாயோடு இருப்பதா என்று அவன் கேட்டான். நீயே தேர்ந்துகொள் என்பதே அவர் கூறிய விடை. தத்துவத்துக்கு அது சரியாயிருக்கலாம்; சொற்போர் மேடைக்குப் போதாது. தேர்ந்ததற்குக் காரணம் கேட்பதற்கே நாம் கூடுகிறோம். மேற்சொன்ன இளைஞன் விஷயத்தில் நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், தரகனிடமே முதலில் சென்று, நீ நிறுத்தாவிடில் சொல்லிவிடுவேன் என்று முகத்துக்கு நேரே கூறக் கடமைப்பட்டவன் என்போம். ஆனால் அங்ஙனம் கூறியபின் அவனுக்கே தீங்கு நேருமாயின் என் செய்வது என்று எதிர்க்கட்சி எழுந்து கேட்கும். கேட்கட்டும், அவ்வாறு கேட்பதற்கே எதிர்க்கட்சி இருக்கிறது.

மூன்றாவது, சொல்லத் தயங்கும் பொருள். ஆயினும் படித்தவர் தயங்குவதனாலேயே பேசப்படாமல் கிடப்பது. மலைப்பகுதிகளில் பதினெட்டு வயது நிரம்பாத பெண்களுக்குத் திருமணம் செய்யும் வழக்கம் முற்றும் ஒழிந்துவிடவில்லை. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி கருவுற்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள் என்று கொள்வோம். அங்கிருக்கும் செவிலித் தாய் என்ன செய்யவேண்டும்? சட்டம் ஐயத்துக்கிடமின்றிப் பேசுகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அறிந்தவர் யாராயினும் தெரிவித்தாகவேண்டும். தெரிவிக்காதவர்க்கு 21ஆம் பிரிவின்படி தண்டனையுண்டு. மணம் நடந்துவிட்டது என்பது விடையாகாது. மனைவியேயாயினும் பதினெட்டு வயதுக்குட்பட்டவளோடு கூடுதல் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது.

செவிலி தெரிவிக்கிறாள், கணவன் சிறை செல்கிறான். செய்தி ஊருக்குள் பரவுகிறது. அடுத்த பெண் நிலையத்துக்கு வருவதில்லை; குடிசையிலேயே பிள்ளை பெறத் துணிகிறாள். இளவயதுக் கருப்பம் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து மிகுந்தது. இரத்தசோகையும் சேர்ந்துகொண்டால் கேட்கவேண்டியதில்லை. செவிலி தெரிவிக்காமல் விட்டாலோ இப்பெண் உயிரோடு பிள்ளை பெறுவாள். ஆனால் அடுத்த ஆண்டு பதினைந்து வயதுச் சிறுமிக்கு மணம் முடிக்கத் துணியும் பெற்றோர்க்குத் தடை ஒன்றுமிராது. சட்டம் யாரைக் காக்க எழுந்ததோ அவளே அச்சட்டத்துக்கு அஞ்சி ஒளிகிறாள். செவிலியின் கண்முன் நிற்பவள் ஒருத்தி. கண்ணுக்குத் தெரியாமல் நிற்பவர் இருசாரார். மருத்துவமனைக்கு வர அஞ்சும் பெண்கள் ஒரு சாரார். மணப்பந்தலுக்கு இழுக்கப்படும் சிறுமியர் மற்றொரு சாரார். டிராம் வண்டிக் கதையில் தடம் இரண்டே. இங்கே தடங்கள் எத்தனை என்பதே தெரியவில்லை.

இவ்விக்கட்டை நீதிமன்றமும் உணராமலில்லை. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29ஆம் நாள் வழங்கிய தீர்ப்பொன்றில், கருக்கலைப்பு நாடிவரும் இளம்பெண்ணும் அவள் காப்பாளரும் வேண்டிக்கொண்டால், மருத்துவர் செய்தியைத் தெரிவிக்கும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடவேண்டியதில்லை என்று கூறிற்று. தெரிவிக்கும் கடமையும் நிற்கிறது, மறைபொருள் காக்கும் கடமையும் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. ஆனால் அது கருக்கலைப்புக்கே திறந்த பாதை. பிள்ளை பெற வந்தவளுக்கு அது உதவாது. ஆதலின், "இளந்தாயர் விஷயத்தில் தெரிவிக்கும் கடமையினின்று செவிலியரை விடுவிக்கவேண்டும்" என்னும் பிரேரணை, இருபக்கத்திலும் மெய்யான உயிர்களை உடையது. ஆதரித்துப் பேசுவோன், பதினைந்து வயதுச் சிறுமியை எங்ஙனம் காப்பாய் என்னும் கேள்விக்கு விடை வைத்திருக்கவேண்டும். எதிர்ப்போன், குடிசையில் துடிப்பவளுக்கு விடை வைத்திருக்கவேண்டும். விடையில்லாமல் சட்டத்தின் மாட்சியைப் பாடுவோனுக்கும் பெண்மையின் துயரத்தைப் பாடுவோனுக்கும் நாம் மதிப்பெண் இடமாட்டோம்.

இவ்வளவும் சொல்லியபின் பழைய கேள்வியொன்று எழுகிறது. தான் நம்பாத கட்சியை மாணவன் பேசலாமா? கி.மு. 155இல் ஏதென்ஸ் நகரத்துத் தூதராக ரோமாபுரிக்குச் சென்ற கார்னியாடஸ் என்னும் தத்துவ ஞானி, முதல்நாள் நீதியைப் புகழ்ந்தும் மறுநாள் அதே நீதியை மறுத்தும் பேசி இளைஞர்களை மயக்கினாராம். முதியவரான கேட்டோ, இத்தூதரை விரைவில் ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று மூப்பர் சபையை வற்புறுத்தினார். அமெரிக்க நாட்டுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1913இல் வெளிவந்த தம் சுயசரிதையில், கல்லூரியில் தாம் இவ்வகைச் சொற்போர் பயிலாமல் விட்டதற்கு மகிழ்வதாக எழுதினார். நம்பிக்கையின்றிப் பேசப் பயின்றவன் நேர்மையை இழப்பான் என்பது அவர் அச்சம். அந்நாட்டிலேயே 1954இல், கம்யூனிஸ்டுச் சீன அரசை அங்கீகரிக்கவேண்டும் என்பது கல்லூரிகளுக்கெல்லாம் பொதுப் பொருளாக வந்தபோது, படைக் கல்லூரிகள் தம் மாணவரை அதைப் பேசவே விடவில்லை. இங்கிலாந்தில் 1933 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றம், அரசருக்காகவும் நாட்டுக்காகவும் எந்நிலையிலும் போரிடுவதில்லை என்னும் பிரேரணையை 275க்கு 153 வாக்குகளால் நிறைவேற்றியதும், நாடெங்கும் எழுந்த கூச்சல் அடங்க வெகுநாளாயிற்று. மேடையில் பேசியதை மனத்திலுள்ளதாகக் கொள்ளும் உலகம் இது.

நாம் கேட்டோவின் கட்சியில் இல்லை. எதிர்க்கட்சியை அதன் முழு வலிமையோடு ஒருமுறையேனும் தன் வாயால் சொல்லிப் பாராதவன் தன் கட்சியையும் அறியான். நெல்லிவாசல்நாட்டுச் செவிலியின் நிலையில் நின்று இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தவன், பிற்காலத்தில் மாவட்ட அதிகாரியாகவோ மருத்துவனாகவோ அம்மலைக்குப் போவானாயின், கோப்பின் மேல் கையெழுத்திடுமுன் ஒருகணம் நிற்பான். ஆனால் ஒன்றை மட்டும் விதிவிலக்காகக் கேட்கிறோம். நம் வகுப்புகளில் மலைநாட்டு மாணவரும் இருக்கிறார்கள். செம்மரம் பற்றிய சொற்போர் நமக்குப் பயிற்சி; அவர்களுள் ஒருவனுக்கு அது தன் வீட்டு முற்றத்தில் நடந்ததாயிருக்கலாம். திருவுளச் சீட்டில் எக்கட்சி விழுந்ததோ அக்கட்சியையே பேசவேண்டும் என்னும் விதி, தன் தந்தை சென்ற வழியைப் பழித்துப் பேசுமாறு மகனைக் கட்டாயப்படுத்தும் அளவுக்குப் போகலாகாது. காரணம் கேட்காமல் கட்சி மாற்றிக்கொடுக்கும் உரிமை கழகத் தலைவரிடம் இருத்தல் வேண்டும். காரணம் கேட்டால் அதுவே தண்டனையாகிவிடும். மேலும், பிரேரணையில் எவ்வூரையும் பெயர் சொல்லிக் குறிக்கலாகாது. இக்கட்டுரையில் நாம் குறித்தது வேறு; படிப்பவர் ஆர அமர எண்ணிப் பார்க்கலாம். மேடையிலோ பேச்சாளன் கைதட்டலுக்காக ஒரு நாட்டார் அனைவரையும் ஒரு சொல்லில் கட்டிவிடுவான்.

மலைநாட்டு மாணவன் தானே விரும்பி எழுந்து பேசினால் அவனுக்குச் சலுகை காட்டலாமா என்று சிலர் கேட்கலாம். பட்டறிவு சான்றாகுமேயன்றி வாதமாகாது. அவன் கண்டதை மற்றவர் மறுக்க இயலாது. கண்டதிலிருந்து அவன் எடுக்கும் முடிவை மறுக்கலாம். இவ்வேறுபாட்டை இருசாராரும் அறிந்து பேசினால் மனக்கசப்புக்கு இடமிராது.

நடுவர்க்கும் ஒன்று சொல்லவேண்டும். உச்சரிப்புக்கு இத்தனை, அங்க அசைவுக்கு இத்தனை, காலங்காத்தலுக்கு இத்தனை என்று அச்சிட்ட தாளோடு அமரும் நடுவர், தர்மசங்கடப் பிரேரணைகளுக்குப் புதிய கட்டம் ஒன்றை அத்தாளில் வரைந்துகொள்ள வேண்டுகிறோம். தான் கொண்ட கட்சியால் யாருக்கு என்ன தீங்கு எஞ்சி நிற்கும் என்பதைப் பேச்சாளன் தானே எடுத்துச் சொன்னானா? சொன்னானாயின் அக்கட்டத்தில் முழு மதிப்பெண். மறைத்தானாயின், எதிர்க்கட்சி அதை வெளிப்படுத்தும்வரை காத்திராமல், சுழியம். இம்முறையைக் கைக்கொண்டால் முதல் இரண்டொரு கூட்டங்களில் பேச்சின் ஓட்டம் சற்றுத் தடைப்படும்; கைதட்டலும் குறையலாம். அடுத்த ஆண்டின் நிரலை எழுதப்போகும் செயலாளர்க்கு, செவிலியின் பொருளை முதற் கூட்டத்துக்கு வைக்கலாகாதென்றும், மனுச் சோழனின் அமைச்சனிடம் தொடங்கி இரண்டாம் பருவத்தில் மலையேறலாமென்றும் யோசனை கூறுகிறோம்.